பி. எஃப். ஸ்கின்னர்

பர்ரஸ் பிரெடரிக் ஸ்கின்னர் (மார்ச் 20, 1904 - ஆகஸ்ட் 18, 1990) ஓர் அமெரிக்க உளவியலாளர், எழுத்தாளர், ஆய்வுக் கருவி வடிவமைப்பாளர் ஆவார். ஓர் உயிரினம் ஒரு செயலைச் செய்தவுடன் அதற்குக் கிடைக்கும் விளைவே, அச்செயல் மீண்டும் நிகழுமா என்பதைத் தீர்மானிக்கின்றது என்பதை ஆய்வுக்கூடத்தில் விரிவாக நிறுவியவர் இவர். இவ்வகைக் கற்றல் செயல்படு ஆக்கநிலையுறுத்தல் எனப்படுகின்றது. நாய்க்குட்டிக்கு உட்காரவும், கை கொடுக்கவும், பொருளை எடுத்து வரவும் அடிக்காமல் கற்றுக்கொடுக்கும் இன்றைய பயிற்சி முறைகள் பலவும் இவரது ஆய்வுகளிலிருந்து வளர்ந்தவையே. அதே வழியை வகுப்பறைக்கும் மனித சமூகத்துக்கும் கொண்டு செல்ல வேண்டும் என்று வாதிட்டமையால், 20 ஆம் நூற்றாண்டில் மிகுந்த பாராட்டையும் மிகுந்த எதிர்ப்பையும் ஒருங்கே பெற்ற உளவியலாளர்களுள் ஒருவராக இவர் விளங்கினார்.

இளமைக் காலம்

ஸ்கின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சஸ்குவெஹன்னா என்ற சிறிய தொடர்வண்டி நகரில் பிறந்தார். தந்தை வில்லியம் ஒரு வழக்கறிஞர். தாயார் கிரேஸின் குடும்பப் பெயரான பர்ரஸ் என்பதே இவருக்கு முதற்பெயராக இடப்பட்டது. நண்பர்கள் இவரை பிரெட் என்று அழைத்தனர்.

சிறு வயதிலேயே கருவிகள் செய்வதில் இவருக்குப் பெரும் ஈடுபாடு இருந்தது. உருளைக்கிழங்கு, கேரட் துண்டுகளை அண்டை வீட்டுக் கூரைகளுக்கு மேல் எறியும் நீராவிப் பீரங்கி ஒன்றைச் செய்தார். இரவு உடையை அதற்குரிய கொக்கியில் மாட்ட மறப்பதைத் தாயார் கண்டித்து வந்ததால், அதை நினைவூட்டும் பொறி ஒன்றையும் அமைத்தார். உடை கொக்கியில் இல்லாதபோது அறை வாயிலில் அறிவிப்புப் பலகை தொங்கும். உடையை மாட்டியதும் பலகை மேலே போய்விடும். ஊர்த் திருவிழாச் சந்தை ஒன்றில், தீயணைப்பு வீரர்களைப் போல நடிக்கப் பழக்கப்பட்ட புறாக் கூட்டத்தை இவர் கண்டதும் இக்காலத்திலேயே ஆகும்.

வீட்டில் இவரைத் தந்தை அடித்ததில்லை. எனினும் தண்டனை பற்றிய அச்சம் பல வழிகளில் ஊட்டப்பட்டது. தீய வழியில் சென்றால் என்ன நேரும் என்பதைக் காட்டத் தந்தை இவரைச் சிறைச்சாலைக்குள் அழைத்துச் சென்றார். பொய் சொல்வோர் அடையும் நரகத்தை விளக்க, பாட்டி அடுப்பில் கனன்ற கரியைக் காட்டினார். இவ்வச்சம் நெடுங்காலம் தம்மை விட்டு நீங்கவில்லை என்று பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் ஸ்கின்னர் பதிவு செய்துள்ளார். கற்பித்தலில் தண்டனைக்கு இடம் கூடாது என்று வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியவரின் இளமை இவ்வாறு அமைந்தது.

இவருக்கு எட்வர்ட் என்ற தம்பி இருந்தார். ஸ்கின்னர் கல்லூரியில் பயின்று கொண்டிருந்தபோது, விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த சமயத்தில், 16 வயதேயான தம்பி மூளைக் குருதிப்பெருக்கினால் திடீரென இறந்தார்.

எழுத்தாளராகும் முயற்சி

நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஹாமில்டன் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று 1926 ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். இவரது சிறுகதைகளைப் படித்த கவிஞர் ராபர்ட் புரோஸ்ட் ஊக்கமளித்ததால், எழுத்தாளராக முடிவு செய்து பெற்றோர் வீட்டின் மேல்மாடத்தில் எழுத அமர்ந்தார். ஓராண்டு கடந்தும் சொல்லத்தக்க படைப்பு எதுவும் உருவாகவில்லை. அக்காலத்தை இருண்ட ஆண்டு என்று அவர் பின்னர் குறிப்பிட்டார்.

இதன் பிறகு நியூயார்க் நகரில் சில மாதங்கள் தங்கிப் புத்தகக் கடை ஒன்றில் பணியாற்றினார். பெர்ட்ரண்ட் ரசல், ஜான் வாட்சன், இவான் பாவ்லோவ் ஆகியோரின் நூல்கள் இவரை ஈர்த்தன. மனிதர்களின் நடத்தையைக் கதைகளில் விவரிப்பதை விட அறிவியல் முறையில் ஆராய்வதே தமக்கு ஏற்றது என்று முடிவு செய்து, 1928 ஆம் ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியல் மாணவராகச் சேர்ந்தார். 1931 ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார்.

பெட்டியும் நெம்புகோலும்

விலங்குகளின் கற்றலைப் பற்றி ஸ்கின்னருக்கு முன்பே இருவர் முதன்மையான ஆய்வுகளை நடத்தியிருந்தனர். உருசிய உடலியங்கியலாளர் பாவ்லோவ், உணவுக்கு முன் ஒரு குறிப்பை மீண்டும் மீண்டும் அளித்தால் நாய் அக்குறிப்புக்கே உமிழ்நீர் சுரக்கத் தொடங்குவதைக் காட்டினார். அமெரிக்கரான எட்வர்ட் தார்ண்டைக் 1898 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பூனைகளையும் நாய்களையும் தாழ்ப்பாள் உள்ள கூண்டுகளில் அடைத்து, அவை தற்செயலாகத் திறக்கக் கற்றுப் பின்னர் விரைவாக வெளியேறுவதை அளந்தார்.

பாவ்லோவின் நாய் உமிழ்நீரைத் தானாக விரும்பிச் சுரப்பதில்லை. அது ஒரு தூண்டலுக்கான துலங்கல். ஆனால் நடப்பது, தாவுவது, காலை நீட்டுவது போன்றவற்றை விலங்கு தானாகவே செய்கின்றது. இத்தகைய செயல்களையே ஸ்கின்னர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அவர் வடிவமைத்த பெட்டியில் ஓர் எலியும் ஒரு நெம்புகோலும் இருக்கும். எலி நெம்புகோலை அழுத்தினால் உணவு உருண்டை ஒன்று விழும். ஒவ்வோர் அழுத்தலும் சுழலும் தாளில் ஒரு படி உயரும் கோடாகப் பதிவாகும். இப்பெட்டி பின்னாளில் ஸ்கின்னர் பெட்டி என்று அறியப்பட்டது. அப்பெயரை ஸ்கின்னர் விரும்பவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இவரது முதன்மையான கண்டுபிடிப்புகளில் சில எதிர்பாராமல் நேர்ந்தவை. ஒரு நாள் உணவு வழங்கும் பொறி அடைத்துக்கொண்டது. உணவு வராத நிலையில் எலி முதலில் வேகமாக அழுத்திப் பின்னர் மெல்ல மெல்லக் கைவிடுவது கோட்டில் தெளிவாகத் தெரிந்தது. மற்றொரு முறை, ஒரு சனிக்கிழமையன்று கையில் இருந்த உணவு உருண்டைகள் தீரும் நிலை ஏற்பட்டது. சிக்கனம் கருதி நிமிடத்துக்கு ஓர் அழுத்தலுக்கு மட்டுமே உணவு கிடைக்குமாறு செய்தார். எலிகள் சீரான வேகத்தில் தொடர்ந்து அழுத்தின. இவ்வகையில் இடைவிட்டு வலுவூட்டப்பட்ட நடத்தை, உணவு நின்ற பின்னரும் நீண்ட நேரம் நீடிப்பதும் தெரியவந்தது. மேசையருகே நின்று கெஞ்சும் நாய்க்கு எப்போதாவது ஒரு முறை துண்டு கொடுத்தாலும் கெஞ்சுவது நிற்காமல் தொடர்வதன் காரணம் இதுவேயாகும்.

இவ்வாய்வுகளின் தொகுப்பான உயிரினங்களின் நடத்தை என்ற நூல் 1938 ஆம் ஆண்டு வெளிவந்தது. அப்போது அவர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிக் கொண்டிருந்தார். அங்குச் சேர்ந்த 1936 ஆம் ஆண்டிலேயே இவோன் புளூ என்பவரை மணந்தார். இவர்களுக்கு இரு மகள்கள் பிறந்தனர்.

பிளினி என்ற எலி

1937 ஆம் ஆண்டு ஸ்கின்னர் பழக்கிய பிளினி என்ற எலி நாளிதழ்களிலும் லைஃப் இதழிலும் இடம்பெற்றுப் புகழ் பெற்றது. பிளினி ஒரு கயிற்றை இழுக்கும், ஒரு கோலிக்குண்டு விழும், அதை முன்னங்கால்களால் எடுத்துச் சென்று ஒரு குழாயினுள் போடும், உணவு கிடைக்கும். இவ்வித்தையை ஒரே நேரத்தில் கற்பிக்க இயலவில்லை. பெட்டியின் அமைப்பைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே பழக்க வேண்டியிருந்ததால் நெடுநேரம் பிடித்தது.

புறாத் திட்டமும் மாவு ஆலையும்

இரண்டாம் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில், ஏவுகணைகளைக் குறி தவறாமல் செலுத்தப் பறவைகளைப் பயன்படுத்த முடியும் என்ற எண்ணம் ஸ்கின்னருக்குத் தோன்றியது. ஏவுகணையின் முனையில் உள்ள வில்லை இலக்கின் உருவைத் திரையில் காட்டும். அவ்வுருவைக் கொத்தப் பழகிய புறா, கொத்தும் இடத்தைக் கொண்டு ஏவுகணையின் திசையைத் திருத்தும். மினியாபொலிஸ் நகரின் ஜெனரல் மில்ஸ் நிறுவனம் தொடக்கத்தில் நிதியுதவி செய்தது. 1943 ஆம் ஆண்டு அரசு 25,000 டாலர் ஒதுக்கியது. புறாக்கள் தங்கள் வேலையைச் சரிவரச் செய்தபோதிலும் திட்டம் 1944 ஆம் ஆண்டு கைவிடப்பட்டது.

எனினும் கற்பித்தல் பற்றிய ஒரு முக்கியப் புரிதல் இக்காலத்தில்தான் பிறந்தது. 1943 ஆம் ஆண்டு ஒரு மாவு ஆலையின் மேல்தளத்தில், அரசின் முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில், ஸ்கின்னரும் அவருடைய உதவியாளர்களான கெல்லர் பிரெலண்ட், நார்மன் கட்மன் ஆகியோரும் ஒரு புறாவுக்கு மரப்பந்தை அலகால் தள்ளக் கற்பிக்க முயன்றனர். உணவு வழங்கும் பொறியைக் கையால் இயக்கத் தயாராக வைத்துக்கொண்டு, புறா பந்தைத் தள்ளும் வரை காத்திருந்தனர். புறா தள்ளவில்லை.

காத்திருந்து சலித்தபின், புறா பந்தைப் பார்த்தாலே உணவு தருவது என்று முடிவு செய்தனர். அடுத்து, பந்தை நோக்கித் தலையை நீட்டினால் உணவு. பின்னர், அலகு பந்தைத் தொட்டால் உணவு. சில நிமிடங்களில் புறா பந்தைப் பெட்டியின் சுவர்களில் மோதுமாறு விளாசிக் கொண்டிருந்தது. பிளினிக்கு நெடுநேரம் பிடித்த வேலை இங்குச் சில நிமிடங்களில் முடிந்தது. இறுதிச் செயலுக்காகக் காத்திராமல், அதை நோக்கிய சிறு அசைவுகளை ஒவ்வொன்றாக வலுவூட்டி நடத்தையை உருவாக்கும் இம்முறை படிப்படியாக உருவமைத்தல் எனப்படுகின்றது.

நாய்க்கு வித்தை கற்பித்தல்

ஸ்கின்னர் 1945 முதல் 1948 வரை இந்தியானா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிவிட்டு 1948 ஆம் ஆண்டு ஹார்வர்டுக்குத் திரும்பினார். அங்கிருந்தபோது சயன்டிபிக் அமெரிக்கன் இதழின் 1951 டிசம்பர் பதிப்பில், விலங்குகளுக்குக் கற்பிப்பது எப்படி என்ற கட்டுரையை எழுதினார். ஆய்வுக்கூட முறையை வீட்டில் நாய் வளர்ப்போரும் செய்து பார்க்கக்கூடியதாக அக்கட்டுரை விளக்கியது.

நாய்க்குக் கற்பிப்பதில் பெரும் இடையூறு காலத் தாமதமே ஆகும். நாய் சரியான செயலைச் செய்த பின்னர் உணவை எடுத்து நீட்டுவதற்குள் சில நொடிகள் கடந்துவிடும். அதற்குள் நாய் தலையைத் திருப்பியிருக்கும், அல்லது எழுந்திருக்கும். ஆகவே உணவு வலுவூட்டுவது முன்பு செய்த சரியான செயலை அன்று, அந்நொடியில் செய்யும் வேறொரு செயலையே. இதனைத் தீர்க்க, விரலால் அழுத்தினால் டிக் என்று ஒலிக்கும் தகர விளையாட்டுப் பொருளைப் பயன்படுத்தலாம் என்று ஸ்கின்னர் பரிந்துரைத்தார். முதலில் ஒலி எழுப்பி உடனே உணவுத்துண்டு தர வேண்டும். இதனைப் பலமுறை செய்தால், ஒலி கேட்டவுடன் நாய் உணவை எதிர்பார்க்கத் தொடங்கும். அதன் பின் ஒலியே பரிசாகி விடுகின்றது. அதைச் சரியான நொடியில் எழுப்பிவிட்டு, உணவைச் சற்றுப் பின்னர் தரலாம்.

அவர் காட்டிய எளிய எடுத்துக்காட்டு, தாழ்வான அலமாரியின் கைப்பிடியை நாய் மூக்கால் தொடக் கற்பிப்பதாகும். நாய் பசியுடன் இருக்கும் நேரத்தில் பயிற்சி தொடங்க வேண்டும். நாய் அலமாரியின் பக்கம் திரும்பினால் ஒலி. பின்னர், அப்பக்கம் ஓரடி வைத்தால் மட்டுமே ஒலி. அடுத்து, அருகில் சென்றால்; இறுதியாக, மூக்கு கைப்பிடியைத் தொட்டால். நாயைத் தொடவோ, பேசவோ, இழுக்கவோ தேவையில்லை.

நாய்க்குட்டிக்கு உட்காரக் கற்பிப்பதற்கும் இதே ஒழுங்கு பொருந்தும். குட்டி தானாகவே நாளில் பலமுறை உட்காருகின்றது. பின்பகுதி தரையைத் தொடும் நொடியில் ஒலி எழுப்பி உணவளித்தால், விரைவில் குட்டி உணவுக்காகவே உட்காரத் தொடங்கும். அந்நிலையை அடைந்த பின்னரே உட்கார் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். சொல்லைக் கேட்டு உட்கார்ந்தால் மட்டும் பரிசு என்றாகும்போது, அச்சொல்லுக்குக் குட்டி பணியக் கற்கின்றது. குட்டி தடுமாறினால் படி பெரிதாகிவிட்டது என்று பொருள். முந்தைய சிறிய படிக்குத் திரும்ப வேண்டும்.

1952 ஆம் ஆண்டு லுக் இதழுக்காக ஸ்கின்னர் டால்மேஷன் இன நாய் ஒன்றுக்குச் சுவரில் உயரத் தாவக் கற்பித்துக் காட்டினார். சுவரில் கிடைக்கோடுகள் வரையப்பட்டிருந்தன. நாயின் தலை ஒரு கோட்டை எட்டினால் ஒளிப்படக் கருவியின் மின்னொளி பளிச்சிடும். இறைச்சித் துண்டு கிடைக்கும். பின்னர் அதற்கு மேலுள்ள கோடு இலக்காகும். சுமார் 20 நிமிடங்களில் நாய் உயரத் தாவக் கற்றுக்கொண்டது. இங்கு டிக் ஒலியின் இடத்தை மின்னொளி பிடித்திருந்தது.

தண்டனை பற்றிய கருத்து

அக்காலத்தில் நாய்ப்பயிற்சி பெரும்பாலும் கட்டாயத்தையே நம்பியிருந்தது. செருமானியக் காவல்துறையில் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910 ஆம் ஆண்டு எழுதிய நூல், கழுத்துப்பட்டையைச் சுண்டி இழுப்பது போன்ற வன்முறைகளைப் பயிற்சியின் பகுதியாகவே கொண்டிருந்தது.

நெம்புகோலை அழுத்தும் எலியின் காலில் அடி விழுமாறு ஸ்கின்னர் 1930களில் நடத்திய ஆய்வில், எலி சிறிது நேரம் அழுத்துவதை நிறுத்தினாலும் பின்னர் மீண்டும் அழுத்தியது. தண்டனை பழக்கத்தை அழிப்பதில்லை, தற்காலிகமாக அடக்குகின்றது என்று அவர் முடிவு செய்தார். மேலும், எதைச் செய்யக்கூடாது என்பதைத் தண்டனை உணர்த்தக்கூடும். எதைச் செய்ய வேண்டும் என்பதைக் கற்பிப்பதில்லை. அடிபட்ட விலங்கு அடித்தவரையே அஞ்சக் கற்கின்றது. கடுமையான தண்டனை நீடித்த விளைவையும் தரக்கூடும் என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். எனினும் அச்சமும் தவிர்ப்பும் பற்றிய அவரது எச்சரிக்கை இன்றும் ஏற்கப்படுகின்றது.

வகுப்பறையில்

1953 நவம்பர் 11 அன்று பெற்றோர் வருகை நாளில், நான்காம் வகுப்பில் பயின்ற தம் இளைய மகளின் கணிதப் பாடத்தை ஸ்கின்னர் பார்வையிட்டார். எல்லா மாணவர்களும் ஒரே கணக்குகளைச் செய்தனர். சிலர் விரைவில் முடித்துவிட்டுச் சும்மா இருந்தனர், சிலர் திணறினர். தம் விடை சரியா என்பதை எவரும் அப்போது அறிய இயலவில்லை. நாய்க்கும் புறாவுக்கும் கற்பிப்பதில் கடைப்பிடிக்கும் இரு விதிகளும், அதாவது உடனடி விளைவும் சிறு படிகளும், இங்கு மீறப்படுவதை அவர் கண்டார்.

அடுத்த சில நாட்களிலேயே கற்பிக்கும் பொறி ஒன்றின் முதல் மாதிரியைச் செய்தார். மாணவர் விடை அளித்ததும் அது சரியா என்று உடனே அறிந்து, தமக்கேற்ற வேகத்தில் அடுத்த படிக்குச் செல்ல அது வழி செய்தது. இப்பொறிகள் வணிக வெற்றி பெறவில்லை. எனினும் பிற்காலக் கணினிவழிக் கற்றலுக்கு இவை முன்னோடியாகக் கருதப்படுகின்றன.

விமர்சனங்கள்

1948 ஆம் ஆண்டு வெளிவந்த வால்டன் டூ என்ற புதினத்தில், வலுவூட்டல் நெறிகளால் அமைந்த ஒரு கற்பனைச் சமூகத்தை ஸ்கின்னர் படைத்தார். 1971 ஆம் ஆண்டு வெளிவந்த சுதந்திரத்துக்கும் கண்ணியத்துக்கும் அப்பால் என்ற நூல், மனிதரின் செயல்களையும் சூழலே உருவாக்குகின்றது என்று வாதிட்டது. மனிதரைப் பழக்கப்பட்ட விலங்காக இவர் கருதுகிறார் என்று பலர் கண்டித்தனர். பழக்குபவரை யார் கட்டுப்படுத்துவது என்ற வினாவும் எழுந்தது. சூழல் எப்படியும் மனிதரை உருவாக்கிக் கொண்டுதான் இருக்கின்றது; அதை அறிந்து, தண்டனையின்றி அமைப்பதே மேல் என்பது ஸ்கின்னரின் நிலைப்பாடு.

மொழியைக் குறித்து அவர் 1957 ஆம் ஆண்டு எழுதிய நூலை மொழியியலாளர் நோம் சோம்சுக்கி 1959 ஆம் ஆண்டு கடுமையாக மறுத்தார். இதுவரை கேளாத வாக்கியங்களையும் குழந்தை உருவாக்குவதை வலுவூட்டலால் விளக்க இயலாது என்பது அவர் வாதம்.

விலங்குப் பயிற்சியிலிருந்தும் ஒரு திருத்தம் வந்தது. மாவு ஆலையில் உடனிருந்த கெல்லர் பிரெலண்டும் அவர் மனைவி மேரியனும் விலங்குகளைப் பழக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, 38 இனங்களைச் சேர்ந்த 6,000க்கும் மேற்பட்ட விலங்குகளைப் பழக்கியிருந்தனர். உண்டியலில் காசு போடப் பழக்கப்பட்ட ரக்கூன், நாளடைவில் காசுகளைப் போடாமல் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தது. பன்றி மரக்காசைக் கீழே போட்டு மூக்கால் கிளறியது. பரிசு தாமதமானபோதும் இயல்பூக்கம் மேலோங்கியதை 1961 ஆம் ஆண்டு அவர்கள் ஒரு கட்டுரையில் வெளியிட்டனர். எந்த விலங்குக்கும் எந்தச் செயலையும் ஒரே எளிமையுடன் கற்பிக்க இயலாது என்பது இதனால் தெளிவாயிற்று.

தம் இளைய மகளுக்காக வெப்பநிலை சீராக்கப்பட்ட கண்ணாடித் தொட்டில் ஒன்றை ஸ்கின்னர் செய்து, அது பற்றி 1945 ஆம் ஆண்டு ஒரு மகளிர் இதழில் எழுதினார். இதுவே மகளை ஆய்வுப் பெட்டியில் அடைத்து வளர்த்தார் என்ற வதந்தியாகப் பரவியது. அது உண்மையன்று என்று அம்மகளே 2004 ஆம் ஆண்டு வெளிப்படையாக மறுத்துள்ளார்.

இறுதிக் காலம்

1968 ஆம் ஆண்டு ஸ்கின்னருக்கு அமெரிக்க தேசிய அறிவியல் பதக்கம் வழங்கப்பட்டது. 1974 ஆம் ஆண்டு ஹார்வர்டிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் நாள்தோறும் அதிகாலையில் எழுதி வந்தார். 1989 ஆம் ஆண்டு குருதிப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 1990 ஆகஸ்ட் 10 அன்று பாஸ்டன் நகரில் அமெரிக்க உளவியல் கழகத்தின் வாழ்நாள் பங்களிப்பு விருதைப் பெற்று உரையாற்றினார். எட்டு நாட்களுக்குப் பின்னர், ஆகஸ்ட் 18 அன்று காலமானார்.

தாக்கம்

1960களில் கடற்காட்சியகங்களில் டால்பின்களைப் பழக்கியோர் ஸ்கின்னரின் முறையைக் கைக்கொண்டனர். நீந்திச் சென்றுவிடும் விலங்கைக் கயிற்றால் இழுக்கவோ அடிக்கவோ இயலாது. சீழ்க்கை ஒலியும் மீனுமே வழி. அவர்களுள் ஒருவரான கேரன் பிரையர் 1984 ஆம் ஆண்டு எழுதிய நூலும் அவரது பயிற்சி வகுப்புகளும் இம்முறையை நாய் வளர்ப்போரிடம் பரப்பின. 1951 இல் ஸ்கின்னர் பரிந்துரைத்த தகர விளையாட்டுப் பொருளின் இடத்தைக் கிளிக்கர் என்ற சிறு கருவி பெற்றது. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்கள், மோப்ப நாய்கள், வீட்டு நாய்க்குட்டிகள் ஆகியவற்றின் பயிற்சியில் இக்கருவி பயன்படுத்தப்படுகின்றது.

மனிதரைப் பற்றிய ஸ்கின்னரின் கோட்பாடுகளுள் பல இன்று திருத்தப்பட்டுள்ளன. எனினும் கற்பவர் கற்கவில்லையெனில் குறையைக் கற்பவரிடம் தேடாமல் கற்பித்த முறையில் தேட வேண்டும் என்ற அவரது அணுகுமுறை, நாய்ப்பயிற்சியிலும் கல்வியிலும் நிலைத்துவிட்டது.